மூன்று முறை பார்த்தேன்

எங்கள் லேபில் அவரை எல்லோரும் பொறுமை என்றுதான் கூப்பிடுவோம். பல் செட் செய்கிற இடம் அது. பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சை வைத்துக்கொண்டு, மெழுகில் ஈறு செய்து, அதில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, வாய்க்குள் போகிற மாதிரி முடித்து அனுப்புவது எங்கள் வேலை. மற்றவர்கள் ஒரு நாளில் நான்கு செட்டுக்குப் பல் அடுக்கினால் அவர் இரண்டுதான் அடுக்குவார். ஆனால் அவர் அடுக்கியது திரும்பி வராது. குத்துகிறது, ஆடுகிறது என்று ஒரு புகார் இருக்காது. அதனால் முதலாளி அவரை விரட்டுவதில்லை. "என்ன பொறுமை, இந்த வருஷத்துக்குள்ள முடியுமா?" என்று கேட்பதோடு சரி.

நான் பீங்கான் பல் செய்கிறவள். அவருக்கு அடுத்த மேஜை என்னுடையது. நடுவில் மெழுகு உருக்குகிற ஸ்பிரிட் விளக்கு மட்டும். இந்தக் கதையை எனக்கு அவரேதான் சொன்னார். ஒரே நாளில் இல்லை, ஒரு மழைக்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய மகள் அவர் போனில் புத்தகம் கேட்கிற ஆப் ஒன்றைப் போட்டுக்கொடுத்தாள். பொறுமை எட்டாம் வகுப்போடு நின்றவர். படிக்கத் தெரியும், ஆனால் இரண்டு பக்கம் தாண்டினால் கண் சொருகிவிடும். கை நாள் முழுக்க மெழுகில் இருக்கும், காது சும்மா கிடக்கும். மகள் முதலில் போட்டுக்கொடுத்தது வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்கிற மாதிரி ஒரு புத்தகம். பத்து நிமிஷம் கேட்டுவிட்டு, "இவன் என்னம்மா, விடாம என்னைத் திட்டிட்டே இருக்கான்" என்று நிறுத்திவிட்டார். அடுத்தது, விரல் தவறிப் பட்டு ஓடியது. முதல் உலகப் போரைப் பற்றிய புத்தகம். பதினாறு மணி நேரம். நான்கே நாளில் முடித்தார்.

அதற்குப் பிறகு மனிதரைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த போர், அதற்கு முன்னால் நடந்த புரட்சி, பின்னால் வந்த பஞ்சம், நாடுகள் பிரிந்தபோது ரயில் நிறைய வந்த ஜனங்கள், ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போனவர்கள். எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டு பல் அடுக்கினார். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் எங்களுக்கு வகுப்பு ஆரம்பித்துவிடும். எந்தத் தளபதி எந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் பையில் வைத்திருந்தான், எந்த மந்திரி மாடிப்படியில் வழுக்கினான், எல்லாம் பக்கத்து வீட்டில் நடந்த மாதிரி சொல்வார். வீட்டிலும் இதே கதைதான். "ஒரு லட்சம் பேரைச் சாகடிக்காம உங்களுக்கு ஒரு வாய் இறங்காதா?" என்று அவர் மனைவி தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவாராம்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் முகமெல்லாம் பூரித்து, "நேத்து ஒண்ணு கேட்டேன் பாருங்க, அருமையான பஞ்சம்!" என்றார். எனக்குப் புரையேறிவிட்டது. மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரிக்கத் தொடங்கினார், பாதியில் நிறுத்திவிட்டார். அன்று சாயங்காலம் வரை காதில் எதையும் மாட்டவில்லை. கிளம்பும்போது என்னிடம், "அருமைன்னு என் வாயில எப்படிம்மா வந்துச்சு? புள்ளைங்க செத்துருக்கு" என்றார். "புத்தகத்தைச் சொன்னீங்க அண்ணே" என்றேன். "அதுதான் எனக்கும் தோணுது. ஆனா நான் கேட்டப்ப நல்லாத்தான் இருந்துச்சு. சுகமா இருந்துச்சு" என்றார்.

ஆனால் அவரை நிஜமாக உலுக்கியது அது இல்லை. சென்ற மழைக்காலத்தின் தொடக்கத்தில் அவர் எடுத்த புத்தகம் காட்டிக்கொடுத்தவர்களைப் பற்றியது. சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்த ஒரு நாட்டில், அக்கம்பக்கத்தாரையும் கூட வேலை செய்தவர்களையும் பற்றி அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுத்த சாதாரண ஜனங்கள். சுவர் விழுந்ததும் கோப்புகளைத் திறந்துவிட்டார்கள். யார் யாரைப் பற்றி எழுதினார்கள் என்று அவரவர் போய்ப் படித்தார்கள். பொறுமை வழக்கம்போல ரசித்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். வாசிப்பவர் அதே நிதானமான குரலில், எழுதிக்கொடுத்தவர்களில் பலரை யாரும் மிரட்டவில்லை, சிலர் கேட்டதற்கும் மேலேயே எழுதினார்கள் என்று ஒரு வாக்கியம் படித்தார்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் கையிலிருந்த மெழுகுக் கத்தி விளக்கின் தீயிலேயே நின்றது. நுனி சிவந்து போனது. "அண்ணே, கத்தி" என்றேன். எடுத்தார், வைத்தார், காதிலிருந்ததைப் பிடுங்கினார். வெளியே போய் அரைமணி நேரம் கழித்துத்தான் வந்தார்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் வேறொரு லேபில் இருந்தார். பன்னிரண்டு பேர் வேலை செய்த பெரிய இடம். அங்கே பாலிஷ் வேலை பார்த்தவர் ஒருவர். முடிந்த பல் செட்டைச் சுழலும் சக்கரத்தில் காட்டி வழவழப்பாக்குவது அவர் வேலை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. தூசி மாவு மாதிரி பறக்கும். தூசியை வெளியே இழுக்கிற விசிறி வைக்கச் சொல்லி பாலிஷ்காரர் ஒரு மனு எழுதி ஏழு பேரிடம் கையெழுத்து வாங்கினார். பொறுமையும் போட்டார்.

பாலிஷ் அறையில் இல்லாத நேரத்தில் பாலிஷ்காரர் உட்காருவது ஜன்னலோர மேஜையில். வெளிச்சம் நேராக விழுகிற மேஜை. பல்லின் நிறத்தைப் பொருத்திப் பார்க்க அதைவிட நல்ல இடம் அந்த லேபில் இல்லை. பொறுமை இரண்டு வருஷமாக அந்த மேஜையைக் கேட்டுக்கொண்டிருந்தார், கிடைக்கவில்லை.

மனு போன மறுவாரம் அந்த லேப் முதலாளி பொறுமையை உள்ளே கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். டீ வந்தது.

"பாலிஷ் வெளி வேலை பண்றானாமே? நம்ம சாமானைக் கொண்டு போறானாம். நீ ஏதாவது பார்த்தியா?"

பொறுமை ஒருமுறை பார்த்திருந்தார். பாலிஷ்காரர் பாதி முடிந்த ஒரு பல் செட்டைத் துணியில் சுற்றித் தன் பையில் வைத்தார். அது அவருடைய அம்மாவுக்கு என்று பொறுமைக்குத் தெரியும். பாலிஷ்காரர் தன் தங்கச்சியிடம் மெதுவாகச் சொன்னது இவர் காதில் விழுந்திருந்தது. தங்கச்சி என்றால் சித்தப்பா மகள். அதே லேபில் பிளாஸ்டர் ஊற்றுகிற வேலை, அண்ணன்தான் சேர்த்துவிட்டிருந்தார்.

"ஒரு தடவை பார்த்தேன் சார்" என்றார் பொறுமை.

"ஒரு தடவைன்னா மறதியா எடுத்துட்டுப் போயிட்டேன்னு சொல்லிடுவான்" என்றார் முதலாளி. அவ்வளவுதான் சொன்னார். ஒரு வெள்ளைத் தாளை முன்னால் வைத்துவிட்டு போன் பேச வெளியே போய்விட்டார்.

பொறுமை எழுதினார். மூன்று முறை பார்த்தேன் என்று எழுதினார். அம்மாவுக்கு என்று எழுதவில்லை. கையெழுத்துப் போட்டார். "டீயையும் முழுசாக் குடிச்சேம்மா" என்று என்னிடம் சொன்னார். "சூடா, நல்லா இருந்துச்சு."

இரண்டு நாளில் பாலிஷ்காரரின் பையைத் திறந்து பார்த்தார்கள். செட் உள்ளே இருந்தது. எல்லோர் முன்னாலும் அதை வாங்கி வைத்துக்கொண்டு அவரை அனுப்பினார்கள். அடுத்த வாரம் ஜன்னலோர மேஜை பொறுமைக்கு வந்தது. அந்த லேப் மூடுகிற வரை பத்து வருஷம் அங்கேதான் உட்கார்ந்தார். "முதல் மாசம் உறுத்துச்சு. அப்புறம் இல்ல. வேலை வேகமா ஓடுச்சு, வெளிச்சம் நல்லா இருந்துச்சு. இவ்வளவுதான் நான்" என்றார்.

புத்தகம் பாதியில் நின்றபின் ஒரு வாரம் அவர் காதில் எதையும் மாட்டவில்லை. பிறகு லேபுக்குச் சாமான் கொண்டு வருகிற சேல்ஸ்மேனிடம் விசாரித்தார். பாலிஷ்காரர் அந்த வேலையையே விட்டுவிட்டார், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கத்தி, கத்தரிக்கோலுக்குச் சாணை பிடிக்கிற கடை வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. பொறுமை வீட்டிலிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனார்.

சின்னக் கடை. முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஒருவர் சக்கரத்தில் குனிந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார். துணியை இறக்கினார்.

"டேய்! பொறுமை!"

எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்து டீ வரவழைத்தார். "முடியெல்லாம் போச்சேடா உனக்கு! பொறுமையா ஒண்ணு ஒண்ணாப் பிடுங்கினியா?" என்று சிரித்தார். பொறுமை டீயை வாங்கிக் கீழே வைத்தார். எதையாவது கேட்க வேண்டுமே என்று, "தங்கச்சி எப்படி இருக்காங்க?" என்றார்.

பாலிஷ்காரர் முகம் மாறியது. "எனக்குத் தங்கச்சி யாரும் இல்ல. அந்த செட்டு விஷயத்தை நான் அவ ஒருத்திகிட்டதான் சொன்னேன். நான் வெளிய போனப்பவும் அவ உள்ளதான் இருந்தா, வேலையை விடல. அப்புறம் எனக்கு என்ன புரியணும்? சித்தப்பா சாவுக்குப் போயிட்டு வாசலோட திரும்பினேன். அவ பொண்ணு கல்யாணத்துக்கும் போகல." கத்தரிக்கோலை வாங்கிச் சக்கரத்தில் வைத்தார். "அந்த லேப்ல எனக்குன்னு இருந்தது நீ ஒருத்தன்தான்டா. மனுவுல கூட முதல் ஆளா கையெழுத்துப் போட்டே."

பொறுமை தீட்டிய கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அடுத்த வாரம் சமையலறைக் கத்தியோடு போனார். சொல்லாமல் வந்தார். அதற்கடுத்த வாரம் இன்னொரு கத்தி. மனைவி பிடித்துக்கொண்டார். "தொட்டா விரல் போகுது. வீட்ல மூணு பேர் இருக்கோம், என்ன திட்டம் உங்களுக்கு?" என்று கேட்டார். பொறுமை உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மனைவி முழுக்கக் கேட்டார். பிறகு, "உலகத்துல யார் யாரைக் காட்டிக்கொடுத்தான்னு எனக்கு மூணு வேளையும் சொன்னீங்களே. இதை மட்டும் ஏங்க சொல்லல?" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்ததாம் அவருக்கு.

மறுநாள் லேபில் லீவு சொல்லிவிட்டு வெறுங்கையோடு போனார். கடையில் வேறு யாரும் இல்லை. ஸ்டூலில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"எழுதிக்கொடுத்தது நான். தங்கச்சி இல்ல. நான்தான்."

பாலிஷ்காரர் சக்கரத்தை நிறுத்தினார். "எதை?"

"நீ செட்டு எடுத்துட்டுப் போனதை. ஒரு தடவைதான் பார்த்தேன். மூணுன்னு எழுதினேன். அம்மாவுக்குன்னும் தெரியும். அதை எழுதல."

"மிரட்டினானா அந்த ஆளு?"

பொறுமைக்கு அங்கே ஒரு வாசல் திறந்த மாதிரி இருந்ததாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "இல்ல" என்றார். "எனக்கு உன் மேஜை வேணும்னு இருந்துச்சு."

பாலிஷ்காரர் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அடிப்பார் என்று பொறுமை எதிர்பார்த்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தார். பாலிஷ்காரரின் குரல் ரொம்பத் தாழ்ந்துதான் வந்தது.

"அம்மா அதுக்கப்புறம் ஆறு வருஷம் இருந்தாங்க. வேற இடத்துல செட்டு பண்ணித் தரேன்னு எவ்வளவோ கெஞ்சினேன். 'உன் வேலையைத் தின்ன பல்லு எனக்கு வேணாம்'னுட்டாங்க. எல்லாத்தையும் மசிச்சு மசிச்சுதான் சாப்பிட்டாங்க. வெளியாளுங்க முன்னால கையால வாயை மூடிட்டுத்தான் சிரிப்பாங்க."

பொறுமை இதைச் சொல்லும்போது எங்கள் மேஜையில் நான்கு செட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அவர் அவற்றைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தன் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் வாய்க்குப் பல் அடுக்கியிருப்பார், அவருக்கே தெரியாது.

திடீரென்று பாலிஷ்காரர் தலையை உயர்த்தினார். "அப்போ அவ இல்லையா?" என்றார், இப்போதுதான் காதில் விழுந்த மாதிரி. "அவ இல்லையாடா?" ஷட்டரை இழுத்துப் பூட்டினார். "வா. இங்க சொன்னதை அங்க வந்து சொல்லு."

பஸ்ஸில் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு மாடிக் குடியிருப்பு, இரண்டாவது மாடி. கதவைத் திறந்த தங்கச்சிக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். கையில் ஈரத் துணி. அண்ணனைப் பார்த்தார். பின்னால் நின்ற பொறுமையைப் பார்த்தார். துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பாலிஷ்காரர் ஓரமாக நகர்ந்தார். "நீ சொல்லு" என்று பொறுமையின் தோளைத் தள்ளினார். பொறுமை இரண்டாம் முறையாகச் சொன்னார். முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்ததாம்.

"எனக்குத் தெரியும்" என்றார் தங்கச்சி.

"தெரியுமா?" என்றார் அண்ணன்.

"அந்த மேஜையில இவர் போய் உட்கார்ந்த அன்னைக்கே தெரியும். ரெண்டு வருஷமா கேட்டுட்டிருந்த மேஜை. சின்னப் புள்ளைக்குக்கூடப் புரியும்."

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேட்டியா?" அதுவரை சாதாரணமாக இருந்த குரல் உடைந்தது. "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'நீயா சொன்னே?'ன்னு கேட்டியா? நீயே முடிவு பண்ணிட்டே. என் வீட்டுக்காரர் அப்ப படுக்கையில கிடந்தாரு, நான் வேலையை விட்டா என்ன பண்றது? அது உனக்குத் தெரியாதா? என்னைப் பத்தி உன்னால அப்படி நினைக்க முடிஞ்சுதுன்னா நான் வந்து என்னன்னு சொல்லணும்?" பொறுமையின் பக்கம் திரும்பினார். "உங்க மேல எனக்குக் கோபம் இருந்துச்சு. ஒரு ரெண்டு வருஷம். இவன் மேலதான் பதினெட்டு வருஷம்."

அண்ணன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. தங்கச்சி ஈரத் துணியைக் கதவில் போட்டார். பிறகு கையைப் பிடித்துத் தூக்கினார். "எழுந்திரு. மாடிப்படியில உட்கார்ந்து அழுதா நாலு பேர் என்ன நினைப்பாங்க. உள்ள வா." பொறுமையும் ஒரு காலை எடுத்து வைத்தார், தன்னை அறியாமல்.

"நீங்க போங்க" என்றார் தங்கச்சி. "சொன்னதுக்குச் சரி. இனிமே இது எங்க வீட்டு விஷயம்."

கதவு சாத்திக்கொண்டது. பஸ் நிறுத்தத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். வந்த பஸ்களில் ஏறத் தோன்றவில்லை.

"சொன்னதுக்கப்புறம் பாரம் குறைஞ்சுதா அண்ணே?" என்று நான் ஒருநாள் கேட்டேன். எனக்கு அப்படி ஒரு முடிவு வேண்டியிருந்தது போல.

"இல்லம்மா. முன்னாடி எனக்கு அவன் ஒருத்தனைத்தான் தெரியும். இப்ப அந்தத் தங்கச்சி பதினெட்டு வருஷம் அண்ணன் இல்லாம இருந்தது தெரியும். அந்தம்மா வாயை மூடிட்டுச் சிரிச்சது தெரியும். அவங்களை நான் பார்த்ததுகூட இல்ல, ஆனா பார்த்த மாதிரி வர்றாங்க." மெழுகை விரலால் அழுத்திக்கொண்டே சொன்னார். "சொல்லியிருக்க வேண்டாம்னு ஒரு நாளும் தோணல. அது வேற. பாரம்னு கேட்டா, கூடியிருக்கு."

அந்தப் புத்தகத்தில் நான்கு மணி நேரம் மிச்சம் இருந்தது. அதை அவர் லேபில் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வேலை எதையும் கையில் எடுக்காமல், நாற்காலியில் உட்கார்ந்து முழுதாகக் கேட்டார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லையாம். காட்டிக்கொடுத்த பலர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை, வேலைக்குப் போனார்கள், ஓய்வு பெற்றார்கள், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள் என்று அதில் வந்ததாகச் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் குரலில் வெறுப்பு இல்லை. தெரிந்தவர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது.

இப்போதும் கேட்கிறார், ஆனால் குறைவாக. மதியச் சாப்பாட்டில் வகுப்பு நின்றுவிட்டது. நாங்களாகக் கேட்டால் சொல்வார். எத்தனை லட்சம் என்று சொல்வதில்லை, யாராவது ஒரு ஆளைப் பற்றிச் சொல்வார். சொல்லிக்கொண்டே வந்து நடுவில் நிறுத்திவிட்டு, "அவங்க வீட்ல இதை எப்படிச் சொல்லுவாங்களோ" என்பார்.

லேபின் கத்திகளையும் கத்தரிக்கோல்களையும் சாணை பிடிக்கக் கொண்டுபோவது இப்போது அவர் பொறுப்பு. அவராகக் கேட்டு வாங்கிக்கொண்டார். முதல்முறை போனபோது பாலிஷ்காரர், "தீட்டறதுக்குன்னா வா. மன்னிப்பு கேக்கறதுக்குன்னா வராதே, என்கிட்ட இல்ல" என்றாராம். பொறுமை சரி என்று தலையாட்டினார். கொடுப்பார், வெளியே நிற்பார், வாங்கிக்கொண்டு வருவார்.

போன வாரம் போனபோது கடைக்குள் தங்கச்சி உட்கார்ந்திருந்தார். அண்ணனும் தங்கச்சியும் ஏதோ ஒரு பழைய சண்டையைப் புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். யார் யாரைக் கிணற்றடியில் தள்ளிவிட்டது என்று. பொறுமையைப் பார்த்ததும் பேச்சு நின்றது. தங்கச்சி எழுந்து போகவில்லை. பாலிஷ்காரர் துணியை முகத்துக்கு ஏற்றிக்கொண்டு சக்கரத்தை ஓட்டினார். பொறுமை வெயிலில் நின்றார். வேலை முடிந்ததும் கத்தரிக்கோல்களைத் தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு, அவர்கள் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்கட்டும் என்று, கொஞ்சம் வேகமாகவே நடந்து பஸ் ஏறினார்.